பிளாட்பாரத்தில் நடக்கிறவர்கள்

கடிதத்தை மூன்று தடவை படித்த பிறகும் அதில் என்ன சூது இருக்கிறது என்று உண்ணாமலைக்குப் பிடிபடவில்லை. சூது இருக்கிறது என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நீல இன்லண்டு. நின்று நிதானித்து எழுதிய கையெழுத்து. "அன்புள்ள சகோதரி, தங்களுக்கும் கிட்னி மாற்று ஆபரேஷன் நடந்திருப்பதாக அறிந்தேன். எனக்கு நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாலை நாலு மணிக்கு அரியலூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நானும் ஒரு டீச்சரம்மாவும் நடக்கிறோம். அவர்களுக்கும் ஆபரேஷன் ஆனதுதான். தாங்களும் வரலாம். பேசிக்கொண்டே நடந்தால் பயம் குறைகிறது. இப்படிக்கு, நல்லுசாமி, முந்திரித் தோப்பு, ஜெயங்கொண்டம்."

"யாருக்கு யாரு சகோதரி?" என்றாள் அண்ணனிடம். "முந்திரித் தோப்பு வச்சிருக்கிற ஆளு நம்ம தெருவுக்குக் கடுதாசி போட்டுச் சகோதரிங்கிறான்னா, எதுக்குண்ணே? என் விலாசம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

"போயிட்டுதான் வாயேன் பாப்பா. புடிக்கலைன்னா திரும்பி வந்துடு" என்றான் அரியமுத்து.

அரியமுத்து அப்படித்தான் பேசுவான். பெரம்பலூர் பருத்தி மண்டியில் மூட்டை தூக்கி அவளை பி.எஸ்ஸி. படிக்க வைத்தவன். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போய்விட்டது என்று மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது, "எங்கிட்ட ரெண்டு இருக்குல்ல, ஒண்ண எடுத்துக்குங்க" என்று சட்டையைக் கழற்றியவன். இனிமேல் மூட்டை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அதே மண்டியில் இப்போது வாட்ச்மேன். அவள் வயிற்றின் வலப்பக்கத்தில் வேலை செய்துகொண்டிருப்பது அவன் உறுப்பு. அதை அவள் கெடுத்துக்கொண்டால் இன்னொன்று தர வீட்டில் ஆள் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. உண்ணாமலை தூங்கி எழுந்ததும் முதலில் நினைப்பது இதைத்தான்.

அந்தத் தெருவில் முதல் பட்டம் அவளுடையது. கல்லூரியில் விலங்கியல் படித்ததைவிட, ஸ்காலர்ஷிப்புக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் அவள் படித்தது அதிகம். கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசி வரிவரை படிக்க வேண்டும். யாராவது சிரித்துப் பேசினால் எதற்கு என்று கேட்க வேண்டும். இந்த இரண்டும் அவளை இதுவரை கைவிட்டதில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாள். ஆனால் நடை என்று ஒன்று இருந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடந்தே ஆக வேண்டும், மாத்திரை எலும்பைத் தின்னும், உடம்பை ஏற்றும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வாலிகண்டபுரம் ரோட்டில் நடந்து பார்த்தாள். முதல் வாரம், "ஏம்மா, பஸ்ஸ வுட்டுட்டியா?" என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம், "யாரப் பாக்கப் போவுது இந்தப் பொண்ணு?" என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். வேலை இல்லாமல், சாமான் இல்லாமல், கை வீசி நடக்கிற பெண்ணை அந்த ரோடு அதுவரை பார்த்ததில்லை.

"குடத்த எடுத்துட்டுப் போயேன்டி" என்றாள் அம்மா செங்கமலம். "காலிக் குடந்தானே. பாக்குறவன் தண்ணிக்குப் போறான்னு நெனச்சுக்குவான்."

"ஒரு மைலு காலிக் குடத்தோட போயி, ஒரு மைலு காலிக் குடத்தோட திரும்பி வந்தா பைத்தியம்னு நெனப்பான். அது பரவால்லியா?"

அம்மாவுக்கு நடையே தேவையில்லை என்று எண்ணம். மகளுடைய கன்னம் இரண்டும் பணியாரம்போல உப்பி வந்தது மாத்திரையினால் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் ஏறவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம்மவ தேறிட்டா, பாத்தீங்களா!" என்றாள். நாலு மாதத்துக்கு முன் குச்சியாய்க் கிடந்தவளைப் பார்த்த கண் அது. மாத்திரையைக்கூடக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து உண்ணாமலை மாத்திரை டப்பாவைக் கைப்பையில் பூட்டி வைத்துக்கொண்டாள். சொந்தத் தாயையும் நம்ப முடியாமல் போயிற்று.

ஆக, ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பஸ் ஏறினாள். நடப்பதற்கல்ல, சண்டை போடுவதற்கு.

நல்லுசாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, தங்க நிற வாட்ச், அவளைப் போலவே உப்பிய கன்னம். கூட நின்ற ரத்தினம்மாள் செந்துறையில் ஆரம்பப் பள்ளி டீச்சர். அவளுக்கும் அதே கன்னம். மூன்று பேரையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். அது உண்ணாமலைக்கு எரிச்சலாக இருந்தது.

"என் விலாசம் யாரு கொடுத்தது?"

"திருச்சியில மருந்துக் கடைக்காரர்ங்க" என்றான் நல்லுசாமி. "நாம முழுங்குற அந்த மஞ்சள் மாத்திரைய நம்ம பக்கத்துக்கு அவர்தான் வரவழைக்கிறாரு. எனக்கு, டீச்சருக்கு. மூணாவதா பெரம்பலூர்ல ஒரு பேரு எழுதியிருந்துச்சு."

"கேக்காம எப்படிக் கொடுப்பாரு?"

"நான்தான் கெஞ்சிக் கேட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்குங்க."

மன்னிப்புக் கேட்கிற தோப்புக்காரனை அவள் பார்த்ததில்லை. சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. மெட்ராசில் கிட்னிக்கென்றே தரகர்கள் இருப்பதாக வார்டில் பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். ஆள் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் இவனுக்கு ஏதாவது கிடைக்குமோ?

"ஸ்டேஷன்ல எதுக்கு நடக்கணும்?"

ரத்தினம்மாள்தான் சிரித்தாள். "வேற எங்க நடப்ப? எங்க ஊரு ரோட்டுல நடந்தேன். ஹெட்மாஸ்டர் சம்சாரம் வந்து, வீட்டுக்காரரோட சண்டையான்னு கேக்குறா. இங்க நடந்தா ரயிலுக்குக் காத்திருக்கோம்னு வுட்டுருவாங்க. எவ்வளவு நேரம் நடந்தாலும் வண்டி லேட்டுன்னு அர்த்தம்."

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார்கள். அந்தப் பக்கம் சிமெண்ட் வேகன்கள் நின்றன. நடை முடிந்ததும் எடை மிஷின். காசு போட்டால் விளக்கெல்லாம் சுழன்று, டக்கென்று ஒரு அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஆரூடம். நல்லுசாமி ஆரூடத்தைப் பார்க்க மாட்டான். எடையை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வான். அவள் எடையையும் எழுதினான்.

"என் எடை உங்களுக்கு எதுக்கு?"

"திடீர்னு ஏறினா ஆபத்துங்க."

"எனக்கே எழுதிக்கத் தெரியும். பி.எஸ்ஸி. படிச்சிருக்கேன்."

"எழுதிக்குங்க. நானும் எழுதி வச்சுக்கிறேன்."

அடுத்த ஞாயிறு போகக் கூடாது என்று நினைத்தாள். போனாள். சண்டைக்குக் காரணம் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. மூக்குக்குக் கீழே பூனைமுடி கறுத்து வருவதைப் பற்றி அவள் அம்மாவிடம்கூடப் பேசியதில்லை. ரத்தினம்மாள் பிளாட்பாரத்தில் வைத்தே, "எனக்கு உன்னவிடப் பெரிய மீசை. மூணாங்கிளாஸ் பசங்க மீசை டீச்சருன்னு பேரு வச்சிருக்காங்க" என்றாள். பசியைப் பற்றிப் பேசினார்கள். கனவில் ஊறுகாய் வருவதைப் பற்றிப் பேசினார்கள். யாராவது பக்கத்தில் தும்மினால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலைக் கடனில் சிறுநீர் குறைந்ததா என்று ஒரு ஆண்பிள்ளையிடம் வெட்கமில்லாமல் பேச முடிகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனாலும் ஒரு கண்ணை அவள் மூடவில்லை. "உங்களுக்கு யாரு கொடுத்தது?" என்று கேட்டபோது, டீச்சர் "எங்கம்மா" என்றாள். நல்லுசாமி ஒரு விநாடி பொறுத்து, "தம்பி கொடுத்தான்" என்றான். அந்த ஒரு விநாடியை உண்ணாமலை எடுத்து வைத்துக்கொண்டாள்.

நல்லுசாமியுடன் எப்போதும் ஒரு ஆள் வருவான். பெயர் பூமாலை. முப்பது வயது, கறுத்த ஒல்லியான உடம்பு. பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பான். பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். முதல் நாளே அவளிடம், "எந்தூரு தங்கச்சி?" என்று கேட்டான். ஊரைச் சொன்னாள். "எந்தத் தெரு?" என்று கேட்டான். சொன்னாள். "நம்ம புள்ளதான்" என்று தலையை ஆட்டிக்கொண்டான்.

ஐந்தாவது ஞாயிறு, எடை மிஷின் தலையில் நல்லுசாமி மறந்து வைத்த துண்டை எடுக்கப் பூமாலை கையை உயர்த்தினான். சட்டை மேலே ஏறியது. இடது விலாவுக்குக் கீழே முதுகிலிருந்து தொடங்கி வயிற்றுப் பக்கமாக வளைந்து வரும் தழும்பு. ஒரு சாணுக்கு மேல் நீளம். வேறு யார் பார்த்தாலும் அரிவாள் வெட்டு என்றிருப்பார்கள். உண்ணாமலை அதே தழும்பைத் தினமும் பார்க்கிறவள். அண்ணன் குளித்துவிட்டு வரும்போதெல்லாம் அவள் கண் முதலில் போகிற இடம் அது. வாங்கினவனுக்கு அடிவயிற்றில் வெட்டு, கொடுத்தவனுக்கு விலாவில்.

நல்லுசாமியும் டீச்சரும் தூரத்துக் கோடியில் இருந்தார்கள். அவள் பூமாலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நீதான் கொடுத்தியாண்ணே?"

பூமாலை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "ஆமா தங்கச்சி. ஆஸ்பத்திரியில தம்பின்னு எழுதிக்கிட்டாங்க. ஐயாவே சொல்லிக் குடுத்தாரு, யாரு கேட்டாலும் தம்பின்னு சொல்லுடான்னு."

"என்ன தரேன்னாங்க?"

"நாங்க குடியிருக்குற மனைய எம்பேருக்கு எழுதித் தரேன்னாங்க."

"எழுதியாச்சா?"

"எழுதுவாங்க" என்றான். ரெண்டு வருஷமாயிற்று.

அந்த வாரம் முழுக்க உண்ணாமலைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் செருப்பு வார் இறுகியது. வளையல் கையில் மாட்ட மறுத்தது. "பாரேன், கையெல்லாம் சதை போட்டிருக்கு" என்று அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோபத்தில் இருந்தவளுக்கு இதையெல்லாம் கவனிக்க மனமில்லை. மனதுக்குள் கேள்விகளைத்தான் கோத்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது ஞாயிறு ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "உங்க தம்பிக்கு எப்ப மனை எழுதப் போறீங்க?"

நல்லுசாமி பூமாலையைப் பார்த்தான். பூமாலை தண்டவாளத்தைப் பார்த்தான். ரத்தினம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன தம்பி, என்ன மனை?"

"கேளுங்க டீச்சர். இவருக்குக் கொடுத்தது கூடப் பொறந்த தம்பி இல்ல. இதோ, தரையில உக்காந்திருக்காரே, இவருதான். பெஞ்சுலகூட உக்கார வுடாத தம்பி. இவரு கிட்னி மட்டும் ஐயாவுக்கு உள்ள உக்காரலாம்!"

"பாகப் பிரிவினை முடியலம்மா" என்றான் நல்லுசாமி. முகம் சிவந்துவிட்டது. "சித்தப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. அதான் தள்ளிப் போவுது."

"ரெண்டு வருஷமாவா? உள்ள வச்சுத் தைக்க எத்தன மணி நேரம் ஆச்சு?"

"நான் செஞ்சது சரின்னு சொல்லல..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "நீங்க முதல்ல மிஷின்ல ஏறுங்க."

"பேச்ச மாத்தாதீங்க."

"ஏறுங்கம்மா. அப்புறம் திட்டுங்க."

ஏறினாள். அவன் சொன்னதற்காக அல்ல, பயப்படவில்லை என்று காட்டுவதற்காக. அட்டை விழுந்தது. ஐம்பத்தொன்று. நல்லுசாமி நோட்டைப் பிரித்தான். போன வாரம் நாற்பத்தெட்டரை.

"இது சதை இல்ல, நீர். இன்னைக்கே மெட்ராஸ் போயிடுங்க. அஞ்சரைக்கு வண்டி இருக்கு. உடம்பு அந்தக் கிட்னிய வேணாங்குது. எனக்கு ஒருதடவை இப்படி ஆச்சு."

உண்ணாமலைக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஓ! கேள்வி கேட்டதும் வண்டியேத்தி அனுப்புறீங்களா? நான் தேறியிருக்கேன். எங்கம்மா சொல்றா, ஊரே சொல்லுது. மிஷின் பொய் சொல்லும். உங்க நோட்டும் பொய் சொல்லும். நீங்கதானே எழுதுனது?"

சொல்லும்போதே 'தேறியிருக்கேன்' என்ற வார்த்தை அவள் வாயில் இடறியது. இத்தனை நாள் அம்மா சொன்னபோதெல்லாம் அந்த வார்த்தைக்காகச் சண்டை போட்டவள் அவள்தான்.

பூமாலை எழுந்து வந்தான். அவன் பிளாட்பாரத்தில் சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"தங்கச்சி, அவர நம்ப வேணாம். என்னையும் நம்ப வேணாம். காலு முன் எலும்பு இருக்குல்ல, அதும்மேல கட்ட வெரல வச்சு அழுத்திப் பாரு. பத்து எண்ணிட்டு எடு. சதையா இருந்தா ஒடனே எழும்பிடும். நீரா இருந்தா குழி நிக்கும். ஐயாவுக்கு அன்னைக்கு நாந்தான் அழுத்திப் பாத்தேன்."

உண்ணாமலை பெஞ்சில் உட்கார்ந்து புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். யார் பார்த்தால் என்ன. கட்டை விரலை வைத்து அழுத்தினாள். எண்ணினாள். எடுத்தாள்.

குழி நின்றது. புளியங்கொட்டை அளவுக்கு, ஓரம் தெளிவாக. எழும்பவில்லை. மறுகாலிலும் அழுத்தினாள். அதிலும் நின்றது.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, அண்ணனின் முகம். "போச்சா?" என்றாள். யாரிடம் கேட்கிறோம் என்று பார்க்காமலே கேட்டாள்.

"போவல. சீக்கிரம் போனா ஊசி போட்டு நிறுத்திடுவாங்க" என்றான் நல்லுசாமி. "எனக்கு நிறுத்துனாங்க."

ரத்தினம்மாள் ஏற்கெனவே டிக்கெட் கவுண்டரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். இரண்டு டிக்கெட்டோடு திரும்பினாள். மாற்றுப் புடவை இல்லை, வீட்டில் சொல்லவில்லை.

"நீங்க எதுக்கு டீச்சர் வரீங்க?" உண்ணாமலைக்கு அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உன்ன வித்துட்டு வரலாம்னுதான்" என்றாள் ரத்தினம்மாள். "ஒக்காருடி. மாத்திரை டப்பா இருக்கா? வழியில வாந்தி வந்தா என் மடியில எடுக்காத, ஒரே புடவைதான்."

பூமாலை பெரம்பலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினான், மண்டியில் அரியமுத்துவிடம் சேதி சொல்ல. வண்டி வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த உண்ணாமலை, வெளியே நின்ற நல்லுசாமியைக் கூப்பிட்டாள்.

"என் கால் விஷயத்துல நீங்க சொன்னது சரி. அதுக்காகப் பூமாலையண்ணன் விஷயம் சரியாயிடாது. திரும்பி வந்து ரிஜிஸ்தர் ஆபீசுல வில்லங்கம் போட்டுப் பாப்பேன்."

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்லபடியாக நினைத்துக்கொள்ள அவள் தயாராக இல்லை.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்று நாள் பெரிய ஊசி. நாலாம் நாள் சிறுநீர் கூடியது. ஏழாம் நாள் ரத்தத்தில் உப்பு இறங்கத் தொடங்கியது. இன்னும் ரெண்டு நாள் கழித்து வந்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். அரியமுத்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னுது அவ்வளவு சீக்கிரம் போவாது பாப்பா, மூட்டை தூக்குன உடம்பு" என்றான். சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தான். சம்பளமில்லாத லீவு போட்டு மூன்று நாள் கூடவே இருந்த ரத்தினம்மாள், அண்ணன் வாங்கிக் கொடுத்த சேலையில் ஊருக்குத் திரும்பினாள்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே நல்லுசாமியிடமிருந்து கடிதம் வந்தது. மனையைப் பூமாலை பெயருக்குப் பதிவு செய்தாகிவிட்டது என்று இரண்டு வரி. இந்தத் தடவை 'சகோதரி' இல்லை.

உண்ணாமலை நம்பவில்லை. ஊர் திரும்பிய மறுவாரம் நேராக ஜெயங்கொண்டம் போய் சார்பதிவாளர் ஆபீசில் மனு எழுதிக் கொடுத்தாள். "நீ யாரும்மா, மனைக்கு என்ன சம்பந்தம்?" என்றார் கிளார்க். "தங்கச்சி" என்றாள். நாலு நாள் அலையவிட்டுச் சான்று கொடுத்தார்கள். கடைசி வரிவரை படித்தாள். பூமாலை பெயரில்தான் இருந்தது. அவள் ரயிலேறினதற்கு மூன்றாம் நாள் பதிவு. மூன்று நாளில் முடிகிற வேலைக்கு இரண்டு வருஷமா என்று ஆபீஸ் வாசலிலேயே வாய்விட்டுத் திட்டினாள். பிறகு, சித்தப்பனின் கையெழுத்துக்கு என்ன கொடுத்திருப்பானோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எடை நாற்பத்தெட்டு. நல்லுசாமி எழுதிக்கொண்டான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

"பூமாலையண்ணே, வாங்க நடக்கலாம்" என்றாள்.

"நான் எதுக்கு தங்கச்சி? நான் நல்லாத்தான இருக்கேன்."

"ஒத்த கிட்னியோட இருக்குற ஆளும் நடக்கணும். பிரஷர் பாக்கணும். கொடுத்தவங்களை எவனும் கூப்பிட்டுக் கேக்குறதில்ல. எங்கண்ணனையும் அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன். எழுந்திரிங்க."

பூமாலை எழுந்தான். நாலு பேரும் கிளம்பினார்கள். பத்து எட்டு வைப்பதற்குள் பூமாலை ஐயாவுக்கு இரண்டடி பின்னால் போய்விட்டான். வேண்டுமென்று அல்ல, கால் தானாக அப்படிப் போயிற்று. உண்ணாமலை நின்றாள். அவள் நின்றதால் ரத்தினம்மாள் நின்றாள். வேறு வழியில்லாமல் நல்லுசாமியும் நின்றான். பூமாலை வந்து சேர்ந்துகொண்டதும் நடந்தாள். சிமெண்ட் வேகன்களை எட்டுவதற்குள் மறுபடியும் பின்னால் போனான். மறுபடியும் நின்றாள்.

"இப்படி நின்னு நின்னு நடந்தா நடைக்குக் கணக்காவுமாடி?" என்றாள் ரத்தினம்மாள்.

"ஆவாட்டி போவுது" என்றாள் உண்ணாமலை. நல்லுசாமி அவள் சொல்லாமலே ஒரு எட்டு பின்வாங்கி, பூமாலையின் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்தை அவள் நன்றாகப் பார்த்தாள். பிறகு நடந்தாள்.